பதினேழாம் கேள்வி

அருண்பாண்டி கையில் இன்னும் பத்தொன்பது நாள்தான் இருந்தது. ஆறு வருஷத்தைத் தின்று தீர்த்த பிறகு மிச்சம் கிடந்த பத்தொன்பது நாள். அதற்குள் ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட வேண்டும். இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியாயிற்று, மூன்றாவது முறைக்கு விதியில் இடமில்லை. கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. பதிவு ரத்தானால், தேனியில் அவன் கௌரவ விரிவுரையாளராகச் சமூகவியல் எடுக்கும் கல்லூரியில் ஜூன் மாதத்திலிருந்து அவனுக்கு வகுப்பு கிடையாது என்று முதல்வர் சொல்லிவிட்டார். முப்பத்தாறு வயதில் அப்பாவின் வாழைத்தோட்டத்துக்குத் திரும்பிப் போய் மடை திருப்பலாம். அப்பா ஒன்றும் சொல்ல மாட்டார். சொல்லாமல் பார்ப்பார், அதுதான் இன்னும் மோசம்.

ஆய்வின் தலைப்பு ஒரு மூச்சில் வாசிக்க முடியாத நீளம். சுருக்கிச் சொன்னால், கம்பம் பள்ளத்தாக்கில் தோட்ட வேலைக்குப் போகும் கல்யாணமான பெண்கள் தங்கள் வாழ்க்கையில் நிறைவாக இருக்கிறார்களா என்பது. நான்கு ஊர், ஊருக்கு அறுபது பேர், ஆக இருநூற்று நாற்பது பேர். ஒவ்வொருவரிடமும் இருபத்துநாலு வாக்கியங்களை வாசித்துக் காட்ட வேண்டும். 'வீட்டில் என் கருத்தைக் கேட்கிறார்கள்' என்பது போல. முழுச் சம்மதம் என்றால் ஐந்து, சம்மதம் நான்கு, இரண்டும் இல்லை என்றால் மூன்று, மறுப்பு இரண்டு, முழு மறுப்பு ஒன்று. ஒரு பெண்ணின் சந்தோஷத்தை இப்படி அளந்துவிட முடியுமா என்று யாராவது கேட்டால் அவனுக்குக் கோபம் வரும். அளக்க முடியாதது எதுவுமில்லை, அளவுகோல்தான் சரியாக இருக்க வேண்டும் என்பான். வகுப்பில் சொல்லிச் சொல்லி அவனுக்கே அது வேதவாக்கு ஆகியிருந்தது.

கூடலூர், கோம்பை, சின்னமனூர் மூன்றையும் அவனே வீடு வீடாக ஏறி இறங்கி முடித்தான். பண்ணைப்புரத்தில்தான் இடித்தது. அது அவன் பெண் எடுத்த ஊர். மாப்பிள்ளை வந்திருக்கிறார் என்று பாய் விரிப்பார்கள், காபி கொடுப்பார்கள், முறுக்கு வைப்பார்கள். ஆனால் அந்த மாப்பிள்ளை தாளை எடுத்து, உங்கள் வீட்டுக்காரர் உங்கள் பேச்சைக் கேட்கிறாரா என்று வாசித்தால், சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவார்கள். ஊர் மருமகனிடம் எந்தப் பெண் வீட்டு விஷயத்தைச் சொல்வாள்? முறை என்று ஒன்று இருக்கிறதல்லவா. அதனால் அந்த அறுபது பேரை மனைவி ஹேமாவதியிடம் விட்டான். அவள் அந்த ஊரில் பிறந்தவள், அவளிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தான்.

ஹேமாவதிக்குச் சொல்லிக்கொடுப்பது சுலபமாக இருந்தது. அவள் எம்.எஸ்சி. கணிதம் ஒரு வருஷம் படித்தவள். இரண்டாம் வருஷம் தொடங்கும்போது ஆவணியில் நல்ல முகூர்த்தம் அமைந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு படிக்கலாம் என்றார்கள், எல்லாக் கல்யாணத்திலும் சொல்வதுதான். பிறகு குழந்தை. அதற்கும் பிறகு, "ஒன் எம்.எஸ்சி. எங்க போயிரப் போகுது, என்னோடதுக்குத்தான் கெடு இருக்கு" என்று அவனே சொன்னான். அவள் சரி என்றாள். வாக்காளர் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் பெயர்களை எடுத்துக்கொடுத்தது அவள்தான். திட்ட விலக்கம் என்பதை ஆறு புத்தகம் படித்தும் பிடிபடாமல் அவன் முழித்தபோது, "ரெண்டு வாழச் சீப்பு மாமா, ரெண்டுலயும் சராசரி எடை ஒண்ணுதான். ஒண்ணுல எல்லாக் காயும் ஒரே தடிப்பு, இன்னொண்ணுல பெருசும் சிறுசுமா கெடக்கு. அந்த வித்தியாசந்தான்" என்று ஒரே வாய்ப்பேச்சில் புரியவைத்தவளும் அவள்தான். அந்த வாழைச் சீப்பை அவன் வகுப்பில் தன்னுடையதாகவே சொல்லிக்கொண்டிருக்கிறான்.

தேனி அல்லிநகரத்தில் தங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவளுக்கு விதிகளைச் சொன்னான். "வாசிக்கிறப்ப மூஞ்சியில ஒண்ணும் காட்டக் கூடாது. பதிலுக்கு நீ யோசன சொல்லக் கூடாது. பென்சிலால வட்டம் போடு, அவுக மனசு மாறுனா அழிச்சிக்கலாம். முக்கியமா, ஒரு கேள்வியையும் வெறுமனே விட்டுட்டு வராத."

"அவுக திருப்பி என்னயக் கேட்டா?" என்றாள் ஹேமாவதி.

"என்னத்த?"

"இதே கேள்விய. ஒனக்கு எப்படீன்னு."

"ஒன்னய எதுக்குக் கேக்கப் போறாக" என்று சொல்லிவிட்டு, முகவரியை எந்தக் கட்டத்தில் எழுத வேண்டும் என்று காட்ட ஆரம்பித்தான்.

ஒன்பது ஞாயிற்றுக்கிழமை போய்வந்தாள். மற்ற நாளில் அந்த ஊர்ப் பெண்கள் பொழுது விடியும் முன்பே ஜீப்பில் தொற்றிக்கொண்டு கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு மலையேறிவிடுவார்கள், ஞாயிறு ஒன்றுதான் வீட்டில் இருப்பார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தேவாரம் ஊருக்குப் போகும் பஸ்ஸில் போய், சாயங்காலம் கட்டுத் தாளோடு திரும்புவாள். ஒரு கேள்வியும் வெறுமனே விடப்பட்டிருக்காது. கணினியில் ஏற்றியதும் அவளே. அருண்பாண்டி அந்த மாதங்களில் முன்னுரையைத் திருத்திக்கொண்டிருந்தான். முன்னுரையைத் திருத்துவது ஆராய்ச்சியாளனுக்கு மூக்கு சொறிவது போல, முடிவே கிடையாது.

வினை வெளிவந்தது வழிகாட்டிப் பேராசிரியர் ஏசுதாசன் கேட்ட ஒரு சின்ன விஷயத்தால். எல்லாவற்றையும் மொத்தமாகக் கணினியில் ஓட்டியது போதாது, ஊர் ஊராகப் பிரித்து ஒருமுறை ஓட்டிக்கொண்டு வா என்றார். மூன்று ஊருக்கு எண்கள் ஒழுங்காக வந்தன. பண்ணைப்புரம் வந்தபோது மென்பொருள் பதினேழாம் கேள்வியில் கையை விரித்துவிட்டது. எல்லாப் பதிலும் ஒன்றே, ஏற்ற இறக்கமே இல்லை, இதைக் கணக்கில் சேர்க்க முடியாது, நீக்கிவிட்டேன் என்று ஒரு வரி வந்தது. பதினேழாம் கேள்வி இதுதான்: 'மறுபடி ஒரு வாய்ப்புக் கிடைத்தால் இதே வாழ்க்கையையே தேர்ந்தெடுப்பேன்.' அறுபது பேரும் 'ஒன்று'. முழு மறுப்பு.

தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று தாள்களை எடுத்துப் பார்த்தான். அறுபதிலும் பென்சில் வட்டம் ஒன்றின் மேல்தான் இருந்தது. மறைப்பானேன், அப்போது அவனுக்கு மனசு துள்ளியது. மற்ற மூன்று ஊரில் நூற்றெண்பது பேரில் ஒருத்திகூட அந்தக் கேள்விக்கு 'ஒன்று' சொல்லவில்லை. பண்ணைப்புரத்தில் மட்டும் அறுபதுக்கு அறுபது. இது கண்டுபிடிப்பல்லவா? கட்டுரை எழுதலாம், கருத்தரங்குக்குக் கொண்டுபோகலாம். அறுபது பெண்கள் இந்த வாழ்க்கை வேண்டவே வேண்டாம் என்று சொன்னதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சந்தோஷப்பட்டான். பின்னால் இதை நினைக்கும்போதெல்லாம் அவனுக்குத் தன்மீதே அருவருப்பாக இருந்தது.

கொண்டுபோய்க் காட்டியபோது ஏசுதாசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அடுத்த வருஷம் ஓய்வு பெறப்போகிறவர், நிறையப் பார்த்தவர்.

"தம்பி, ஒரு ஊர்ல அறுபது பேருகிட்ட இன்னைக்கி என்ன கெழமன்னு கேளு. ரெண்டு பேராச்சும் மாத்திச் சொல்லுவாக. அறுபது பேரும் ஒண்ணே சொன்னா, ஒண்ணு கேள்வி தப்பு, இல்லாட்டி கேட்ட ஆளு தப்பு. யாரு கேட்டா?"

"எம் பொண்டாட்டிதான் சார்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவனைப் பார்த்தார். "போயிப் பத்து வீட்டுல மறுபடி விசாரிச்சிட்டு வா. பேப்பரயெல்லாம் பத்திரமா வையி. வைவா பரீட்சைக்கு வர்ற வெளியூர்ப் பேராசிரியர் எடுன்னா எடுத்துக் காட்டணும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, தாள் கட்டைப் பையில் போட்டுக்கொண்டு பண்ணைப்புரம் போனான். மாமியார் வீட்டுத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போய்ப் பட்டியலில் முதல் பெயரான கஸ்தூரியம்மாள் வீட்டில் நின்றான். ஹேமாவதிக்கு அவள் சித்தி முறை. இருபது வருஷமாக ஏலத்தோட்டத்துக்குப் போகிறவள். வாசலில் வாரத்துத் துணியை அலசிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்பிள்ள, ஹேமா வரலயா?"

"வரல அத்தை. ஒண்ணு கேக்கணும். ஹேமா ஒரு பேப்பர வச்சிக்கிட்டு ஒங்ககிட்டக் கேள்வி கேட்டாளா?"

"கேட்டா. ரெண்டோ மூணோ கேட்டா." கஸ்தூரியம்மாள் கையை உதறிவிட்டு நிமிர்ந்தாள். "வீட்டுல ஒம் பேச்சக் கேக்காகளா சித்தின்னா. எங்க வீட்டுக் கத ஊருக்கே தெரியும், நீ ஒங் கதயச் சொல்லு ஆத்தா, ஒம் பேச்சக் கேக்காகளான்னேன். வெளாட்டுக்குத்தான் கேட்டேன். அங்கன நாலு பொம்பளைக இருந்தாக, ஆளாளுக்கு ஆரம்பிச்சிட்டாக. அம்புட்டுப் படிச்சயே என்னாச்சு, வேலைக்கிப் போகலயா, மாப்பிள்ள என்ன சொல்றாக அப்படீன்னு."

"அவ என்ன சொன்னா?"

"நல்லாருக்கேன்னு சொன்னா. சொல்லிட்டுப் பேப்பர மடிச்சி வச்சிட்டா. அதுக்கப்புறம் யார் வீட்டுக்கும் போகல. ஞாயித்துக்கெழமயானா பஸ் ஸ்டாப்புல ஒக்காந்திருப்பா, ஒரு பக்கம் புள்ள தூங்கும், மடியில பேப்பரு. ஏன் இங்கன ஒக்காந்திருக்க, வீட்டுக்கு வாத்தான்னு கூப்பிட்டா, எழுதுற வேல இருக்கு சித்தின்னுருவா. அவுக அம்மா வீட்டுக்குக்கூடப் போகல. சாயங்காலப் பஸ்ஸு வந்ததும் ஏறிருவா." கொஞ்சம் தயங்கினாள். "ஒங்களுக்குள்ள ஏதும் மனத்தாங்கலோன்னு நெனச்சோம் மாப்பிள்ள. கேக்கவும் சங்கடமா இருந்துச்சு."

இரண்டாவது வீட்டுக்கு அவன் போகவில்லை. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய பிறகு இன்னும் ஆழமாகத் தோண்ட யாருக்கு மனசு வரும்.

பஸ் நிறுத்தத்தில் அதே சிமெண்டுப் பலகையில் உட்கார்ந்து கட்டைப் பிரித்தான். முதலில் வந்தது கோபம்தான். ஆறு வருஷ உழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டாளே. அந்தக் கோபம் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், ஏனென்றால் அது போனதும் வந்தது தாங்க முடியாததாக இருந்தது. தாள்களைப் புரட்டப் புரட்ட அவள் வேலையின் நேர்த்தி தெரிந்தது. வயது, பிள்ளைகள், வீட்டு எண் எல்லாம் சரி, ஊரே அவளுக்கு மனப்பாடம். இருபத்துமூன்று கேள்விகளுக்கு ஐந்தும் இரண்டும் நான்குமாக, எந்த மென்பொருளும் சந்தேகப்படாதபடி கலந்து போட்டிருந்தாள். பதினேழு மட்டும் ஒன்று, ஒன்று, ஒன்று. அறுபது தாளிலும் தன் பெண்டாட்டி ஒருத்தியே உட்கார்ந்திருந்தாள்.

கையில் இருந்த வெற்றுத் தாள் ஒன்றில் அவளுக்காகப் பதில் போட்டுப் பார்த்தான். 'வீட்டில் என் கருத்தைக் கேட்கிறார்கள்.' படிப்பை நிறுத்தியது, அல்லிநகரத்தில் வீடு பார்த்தது, குழந்தைக்குப் பெயர் வைத்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தான். இரண்டு போட்டால் தாராளம். 'என் திறமைக்கு ஏற்ற வேலை எனக்கு இருக்கிறது.' அதற்கு மேல் அவனால் போட முடியவில்லை. ஏழு வருஷம் கூடவே குடும்பம் நடத்தியவளைப் பற்றி இருபத்துநாலு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்த ஒரு பதிலும் இப்போதுதான் தெரிந்தது. கூடலூரிலும் கோம்பையிலும் அவன் கேட்கும்போது புருஷன்மார் கதவோரம் நின்றதும், பெண்கள் அவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு 'நாலு போட்டுக்கங்க சார்' என்றதும் நினைவுக்கு வந்தன. அந்த நூற்றெண்பதும் என்ன லட்சணம் என்று யாருக்குத் தெரியும். பஸ் வந்து நின்று, நடத்துநர் விசில் கொடுத்த பிறகுதான் எழுந்தான்.

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம் மூன்று மணி. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஹேமாவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் தாள் கட்டை எடுத்து வைத்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பண்ணப்புரம் போனீகளா?"

"போனேன்." அவன் எதிரில் உட்கார்ந்தான். "ஒருத்திகிட்டயும் முழுசாக் கேக்கலயா?"

"ரெண்டு மூணு பேருகிட்ட ஆரம்பிச்சேன். முடிக்கல."

"மத்ததெல்லாம்?"

"நாந்தான்."

"எதுக்கு ஹேமா? முடியலன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவள் மடித்த துணியை மறுபடி விரித்து மடித்தாள். "அறுபது வீட்டுலயும் போயி நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னு சொல்லணும் மாமா. மொத நாளே நாக்கு ஒட்டிக்கிருச்சு. முடியலன்னு ஒங்ககிட்டச் சொன்னா, ஏன்னு கேப்பீக. அதச் சொல்றதுக்கு இது தேவலன்னு பட்டுச்சு."

"சரி, பதினேழு ஏன் அப்படி? ஒனக்குத் தெரியாதா மாட்டிக்குவோம்னு?"

"கணக்குப் படிச்சவளுக்குத் தெரியாதா. மத்ததெல்லாம் கை தன்னால மாத்தி மாத்திப் போட்டுச்சு. அதுக்கு வந்தா மட்டும் போகல. ஒவ்வொரு தாளுலயும் இந்தத் தடவ ரெண்டு போடுவோம், மூணு போடுவோம்னு நெனப்பேன்." துணியை ஓரமாக வைத்தாள். "போகல."

அந்த இடத்தில் அவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அது வாய்வரை வந்தது. கேட்டால் அவள் பதில் சொல்வாள் என்பது நிச்சயம், முதல்முறையாக முகத்தைப் பார்த்துச் சொல்வாள். அதுதான் பயமாக இருந்தது. அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? கெடு முடிய இன்னும் பதிமூன்று நாள். பண்ணைப்புரத்தை விட்டுவிடலாம் என்றால் நூற்றெண்பதுதான் மிஞ்சும், பல்கலைக்கழகத்தில் எழுதிக்கொடுத்திருப்பது நான்கு ஊர், இருநூற்று நாற்பது. மறுபடி கேட்கலாம் என்றால் கெடுவுக்குள் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது, போக வேண்டிய ஆளும் இவள்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர். தான் எவ்வளவு கேவலமான மனுஷன் என்பது அவனுக்கு அந்த நிமிஷம் நன்றாகவே தெரிந்தது. தெரிந்துகொண்டுதான் வாயைத் திறந்தான்.

"பாப்பா பையில ரப்பர் இருக்கா?"

ஹேமாவதி அவனைச் சற்று நேரம் பார்த்தாள். கோபமில்லை, ஆச்சரியமும் இல்லை. ரொம்ப நாளாக எதிர்பார்த்த பஸ் வந்து நின்றதுபோல எழுந்து போய், குழந்தையின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ரோஸ் நிற ரப்பரை எடுத்துவந்தாள்.

"எத்தன பேருக்கு என்ன போடணும்?" என்றாள்.

"மத்த மூணு ஊர்ல எப்படி இருக்கோ அதே விகிதத்துல போட்ருவோம்."

அவள் ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டாள். நிமிஷம்கூட ஆகவில்லை. "அஞ்சுங்கறது ஆறு பேருக்கு. நாலு பதினெட்டு. மூணு இருபத்திரெண்டு. ரெண்டு பதினாலு." பென்சிலைக் காகிதத்தின் மேலேயே வைத்திருந்தாள். "ஒண்ணு போட்டவுகளே இல்லயா?"

"இல்ல."

"நூத்தியெம்பது பேருல ஒருத்திகூடவா?"

அவன் மடிக்கணினியைத் திறந்தான்.

அவள் ஒவ்வொரு தாளாக எடுத்தாள். அழித்தாள், தூசியை ஊதினாள், புதிய வட்டம் போட்டாள், எண்ணை வாசித்தாள். நாலு. மூணு. மூணு. ரெண்டு. அவன் அடித்துக்கொண்டே வந்தான். அன்று இதே கூடத்தில் அவன் சொல்லிக்கொடுத்தபடியே முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாசித்தாள். நிறுத்து என்று சொல்ல ஐம்பத்தொன்பது வாய்ப்பு வந்தது, ஐம்பத்தொன்பதையும் விட்டான். கூடத்துத் தரையில் ரோஸ் நிறத் துகள் சேர்ந்துகொண்டே போனது.

கடைசித் தாளில் ரப்பரை வைக்காமல் நிறுத்தினாள். அதற்குப் போக வேண்டியது 'இரண்டு' என்பது துண்டுக் காகிதத்தைப் பார்த்தாலே தெரியும், அவன் அதை முன்கூட்டியே அடித்தும்விட்டான்.

"இது ஒண்ணாவே இருந்துட்டுப் போகட்டும் மாமா" என்றாள். "ஒரே ஒருத்தி."

அவன் முதலில் 'இரண்டு' என்று வைத்து ஓட்டிப் பார்த்தான். பதினேழாம் கேள்வியை மென்பொருள் இந்தமுறை முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது, நான்கு ஊருக்கும் சேர்த்துச் சராசரி 3.271. பிறகு அந்த இரண்டை அழித்து 'ஒன்று' போட்டு ஓட்டினான். 3.267. ஆய்வேட்டில் இரண்டு தசம இடம்தான் போடுவார்கள், எப்படிப் பார்த்தாலும் 3.27தான்.

"சரி, இருக்கட்டும்" என்றான்.